மூன்றாவது பிரெட்டில் ஒரு கர்ர்

கர்ர்காரர் என்றொரு இனம் உலகில் உண்டு. உயிரியல் புத்தகத்தில் தேடாதீர்கள், அகப்படாது. கை, கால், வாய் எல்லாம் நம்மைப் போலத்தான். காது மட்டும் வேறு. நீங்கள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஒரு வீடு கட்டி, ஆசையாகக் கூட்டிப்போய்க் காட்டினால், கூடம் எவ்வளவு பெரிது, வெளிச்சம் எப்படி வருகிறது என்பதெல்லாம் அவர் கண்ணில் படாது. குளியலறைக் கதவின் கீல் முனகுவதைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டு, காபி குடித்துவிட்டுப் போவார். பிறந்த குழந்தையைப் பார்க்கப் போனாலும் அப்படித்தான். "குழந்தை அம்மா ஜாடை" என்று எல்லாரும் கொஞ்சிக்கொண்டிருக்க, இவர் குனிந்து தொட்டிலின் சக்கரத்தை ஆட்டிப் பார்த்து, "இதுக்கு ரெண்டு சொட்டு எண்ணெய் விடுங்க" என்பார். கடுகு போன இடம் ஆராய்வார், பூசணிக்காய் போன இடம் தெரியாது என்று பெரியவர்கள் சொல்லிவைத்தார்களே, சும்மாவா சொன்னார்கள்? அவர்கள் வீட்டிலும் ஒருவர் கடுகைத் தேடிக்கொண்டு தரையில் தவழ்ந்திருப்பார்.

இந்த இனத்தில் உட்பிரிவுகள் ஏராளம். காரில் போகும்போது பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு டேஷ்போர்டில் காதை வைப்பவர்கள், தொலைபேசியில் நீங்கள் அழுதுகொண்டிருக்கும்போது "லைன்ல ஏதோ கொரகொரன்னு கேக்குது" என்பவர்கள் என்று பல ரகம். ஆனால் எல்லாரையும் தூக்கிச் சாப்பிடும் ரகம் ஒன்று இருக்கிறது. அது, பேஸ் கிட்டார் வாசிக்கும் கர்ர்காரர்.

பேஸ் கிட்டாரைப் பற்றி அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அது சாதாரண கிட்டாருக்கு அண்ணன். நீண்ட கழுத்து, தடித்த நான்கு தந்தி, அடிவயிற்றிலிருந்து வரும் குரல். ஒரு பாட்டில் அது இருப்பது யாருக்கும் தெரியாது. இல்லாமல் போனால்தான், அம்மா ஊருக்குப் போன வீடு மாதிரி, ஏதோ சரியில்லை என்று தெரியும். அதன் கழுத்தில் குறுக்கே உலோகப் பட்டைகளைப் பதித்திருப்பார்கள். பிரெட் என்று பெயர். விரலால் தந்தியை ஒரு பிரெட்டுக்குப் பக்கத்தில் அமுக்கினால் ஒரு சுரம். அமுக்கிய விரல் கொஞ்சம் அசந்தாலோ, தந்தி கொஞ்சம் தாழ்ந்துகிடந்தாலோ, அதிர்கிற தந்தி அடுத்த பிரெட்டில் உரசிக் 'கர்ர்' என்னும். நோய் இவ்வளவுதான். மருந்தும் சின்னதுதான்: விரலைப் பிரெட்டை ஒட்டி வை, தந்தியைப் போட்டு அடிக்காதே, மெல்ல மீட்டு. அப்படியும் துளி மிச்சமிருந்தால் அது ஸ்பீக்கர் வழியாக வெளியே வருவதே இல்லை. வாசிப்பவர் காதோடு சரி.

வாசிப்பவர் காதோடு சரி! இதை ஒரு கர்ர்காரரிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

நாம் பார்க்கப்போகும் கர்ர்காரருக்கு இந்தக் காது பரம்பரைச் சொத்து அல்ல, உழைத்துச் சம்பாதித்தது. மின்விசிறி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரச் சோதனைப் பிரிவில் மூத்தவர். ஓடுகிற ஃபேனின் மோட்டாரில் ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஊன்றி, அதன் மரப்பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொள்வார். முனகல் இல்லையென்றால் ஒரு பச்சை முத்திரை. முனகல் இருந்தால் ஒரு தலையாட்டல். ஃபேன் வந்த வழியே திரும்பிப் போகும். அவர் முத்திரை விழுந்த ஃபேன் சத்தம் போட்டதாக இன்றுவரை ஒரு புகார் வந்ததில்லை. இது அவருக்குப் பெருமை. பெருமையோடு நின்றிருந்தால் நாம் ஏன் இங்கே கூடியிருக்கிறோம்? அந்த ஸ்க்ரூ டிரைவரை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்தார்.

வீட்டில் பேஸ் கிட்டார் ஒன்று இருந்தது. இளமையில் வாங்கியது. மகள் பிறந்த பிறகும் விடாமல் வாசித்தார். உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: நன்றாக வாசிப்பார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்கிற பழமொழியை இவர்மேல் போட்டுப் பார்க்காதீர்கள், பொருந்தாது. இவருக்கு ஆடத் தெரியும். ஆனால் ஆட்டத்தின் நடுவில் நின்று கூடத்தை அளக்க டேப்பை எடுத்துவிடுவார். தொட்டிலில் இருந்த காலத்திலிருந்து மகள் பார்த்தது, தந்திகளின்மேல் நடந்துபோகும் அந்தத் தடித்த விரல்களைத்தான். அவள் வளர்ந்து, பாட ஆரம்பித்து, தானே பாட்டு எழுதும் அளவுக்கு வந்தபோது, அவளுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. அப்பா வாசிக்க அவள் பாட வேண்டும். ஒரு பாட்டு. முழுசாக.

இதில் என்ன கஷ்டம் என்கிறீர்களா? அந்த 'முழுசாக' என்ற சொல்லில்தான் எல்லாக் கஷ்டமும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒத்திகை. இடம், ஒரு பல் டாக்டருடைய மருத்துவமனையின் காத்திருப்பு அறை. டாக்டர் கர்ர்காரரின் பழைய சிநேகிதர், கீபோர்டு வாசிப்பவர். கர்ர்காரருடைய மனைவியின் தம்பி, டயர் கடை வைத்திருப்பவன், டிரம்ஸ். நாற்காலிகளைச் சுவரோரம் ஒதுக்கி, ஈறுகளின் படம் போட்ட விளம்பரப் பலகைக்குக் கீழே டிரம்ஸை விரித்து, மகள் நடுவில் நிற்பாள். பாட்டு அவள் எழுதியது. அதன் ஆரம்பத்தை அவள் வேண்டுமென்றே அப்படி அமைத்திருந்தாள்: முதல் சரணம் முழுக்க பேஸும் குரலும் மட்டும். அப்பாவும் அவளும் மட்டும். பிறகுதான் மற்றவர்கள் சேர வேண்டும்.

"ரெடியாப்பா?"

"ரெடிம்மா."

ஆரம்பிப்பார். ஆகா, என்ன அழகாக ஆரம்பிப்பார் தெரியுமா! மகள் வாயைத் திறந்து முதல் வரியைப் பாடி, இரண்டாம் வரிக்கு மூச்சை இழுக்கும்போது, அவருடைய விரல் மூன்றாவது பிரெட்டுக்கு வந்து சேரும்.

"நிறுத்து, நிறுத்து! கேட்டுச்சா?"

"என்ன அத்தான்?" டிரம்ஸ் பக்கமிருந்து மைத்துனன் கேட்பான்.

"கர்ர்."

"எனக்கு ஒண்ணும் கேக்கலயே."

"உனக்கு எப்படிக் கேக்கும்? நாள் பூரா லாரி டயரைச் சுத்தியல்ல அடிக்கிறவன்."

பிறகு நடப்பது சடங்கு. வரிசை மாறாது. கிட்டாரைப் படுக்கவைப்பார். பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவர் வரும். நுனி கிட்டாரின் கழுத்தில், பிடி காதில். கண் மூடும். மூன்றாவது பிரெட்டைத் தட்டுவார், நான்காவதைத் தட்டுவார், பெருமூச்சு விடுவார். கழுத்துக்குள் ஓடும் கம்பியைச் சின்னச் சாவியால் கால் திருகு இறுக்குவார். தந்தியை ஒரு மயிரிழை உயர்த்துவார். உயர்த்தினால் கர்ர் போய்விடும்; ஆனால் அமுக்க விரல் வலிக்கும், சுரமும் பிசகும். இறக்குவார். இறக்கினால் கர்ர் வந்துவிடும். அதற்குள் டாக்டர் செய்தித்தாளில் பாதியைப் படித்துமுடித்திருப்பார், மைத்துனன் டிரம்ஸின் மேலேயே தலைவைத்துச் சாய்ந்திருப்பான், மகள் மைக்கைக் கையில் பிடித்தபடி ஈறுகளின் படத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்தே அவள் பல் மருத்துவத்துக்குச் சேர்ந்திருக்கலாம்.

ஒரு நாள் டாக்டரால் பொறுக்க முடியவில்லை. "சார், நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அந்தச் சத்தம் ஸ்பீக்கர்ல வரவே இல்ல. கேக்கறவங்களுக்குக் கேக்காது. விட்டுடுங்களேன்."

கர்ர்காரர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "கேக்கலன்னா இல்லன்னு ஆயிடுமா டாக்டர்? பல்லுல சொத்தை இருக்கு. வலி இன்னும் வரல. நீங்க விட்டுடுவீங்களா?"

டாக்டர் வாயடைத்துப்போனார். மற்றவர்கள் வாயைத் திறக்கவைத்தே பிழைக்கிறவர் அவர். அதோடு அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

ஸ்பீக்கரில் வரவில்லை என்று டாக்டர் சொன்னதில் ஒரு தீமையும் விளைந்தது. கர்ர்காரருக்கு ஸ்பீக்கர்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. "கர்ர் அதுல போய் ஒளிஞ்சுக்குது" என்று கண்டுபிடித்தார். அன்றிலிருந்து கிட்டாரின் வால்யூம் திருகைச் சுழியத்துக்கு இறக்கிவிட்டு, கன்னத்தைக் கிட்டாரின் மேல்தோளில் ஒட்டிவைத்துக்கொண்டு, மரத்தின் வழியாக வரும் வெறும் தந்தியின் சத்தத்தைக் கேட்டே வாசிக்கப் பழகினார். தூரத்திலிருந்து பார்த்தால் கிட்டாரின் தோளில் சாய்ந்து அழுகிறார் என்று தோன்றும். வீட்டில் முழுக்க இப்படித்தான். ஒத்திகையில் மைத்துனன் எழுந்துவந்து திருகைத் திருப்பிவிடுவான்.

கிட்டார் பழுதுபார்க்கும் கடைக்காரர் ஒருவரும் இந்தக் கதையில் அகப்பட்டார், பாவம். அவர் கிட்டாரை வாங்கி, மடியில் வைத்து, மூன்றாவது பிரெட்டில் வாசித்துக் காட்டினார். கர்ர் இல்லை. மறுபடி வாசித்தார். இல்லை. "பாருங்க சார், என் கையில வரல. உங்க கையில வருது. விரலைக் கொஞ்சம் முன்னால தள்ளி வைங்க, போதும்" என்றார்.

நம்மைப் போன்றவர்களாக இருந்தால் விரலை முன்னால் தள்ளி வைத்திருப்போம். கர்ர்காரர் சற்று யோசித்தார். பிறகு கடைக்காரருடைய விரலை உற்றுப் பார்த்துச் சொன்னார்: "உங்க விரல் அதை மறைக்குது."

கடைக்காரர் அன்று சீக்கிரமே கடையைச் சாத்தினார்.

கவனித்தீர்களா? இதுதான் இந்த இனத்தின் அடையாளம். பிழை தந்தியில் இருக்கலாம், கழுத்தில் இருக்கலாம், காற்றின் ஈரத்தில் இருக்கலாம், அடுத்தவன் விரலில்கூட இருக்கலாம். தன் விரலில் மட்டும் இருக்கவே முடியாது. அந்த விரல்தானே பச்சை முத்திரை குத்துகிற விரல்?

ஆக, மாதக்கணக்கில் ஒத்திகை நடந்தது. முதல் சரணத்தின் முதல் வரியை அந்த அறையில் ஈறுகளின் படம்கூடப் பாடிவிடும். இரண்டாவது சரணத்துக்கான பேஸை வீட்டில் தனியாகப் பழகியிருந்தாரே தவிர, அதை மகள் பாடிக் கர்ர்காரர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அதுவரை போனதே இல்லையே! மற்றவர்களுக்குத் தெரியும். அவர் தந்தி வாங்கப் போன ஒரு ஞாயிறு, அவர் இல்லாமலே முழுப் பாட்டையும் ஒத்திகை பார்த்தார்கள். இரண்டாவது சரணம் முடிந்ததும் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மைத்துனன், "இதை உங்கப்பா கேட்டா என்ன ஆகும்?" என்றான்.

"கேக்கணும் மாமா. அதுக்குத்தான் எழுதினேன்" என்றாள் மகள்.

தொழிற்சாலையின் ஆண்டு விழாவில் பாட இவர்கள் பெயர் கொடுத்திருந்தார்கள். விழாவுக்கு முந்தின நாள் மாலை, சமையலறை மேடையின்மேல் கிட்டாரைப் படுக்கவைத்துக்கொண்டிருந்த அப்பாவிடம் அவள் வந்து நின்றாள்.

"அப்பா, நாளைக்கு ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நடுவுல நிறுத்தாதீங்கப்பா."

"நிறுத்துவேனா? மேடைல போய் நிறுத்துவேனா? என்னம்மா பேச்சு இது?"

"இல்ல, கர்ர்னு வந்தா..."

"வராதும்மா. வராம பண்ணத்தானே இவ்வளவும்." ஸ்க்ரூ டிரைவரின் பிடி அவர் காதில் இருந்தது. எந்தக் காதில் மகள் பேசினாளோ, அந்தக் காதில்.

மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். "ஏங்க, அந்தப் பொண்ணு மூஞ்சியைக் கொஞ்சம் பாருங்க" என்றாள். அவர் பார்த்தார். "ஏன், நல்லாத்தானே இருக்கா?" என்றார்.

விழா வந்தது. அரங்கம் தொழிற்சாலைக்கே சொந்தம். சுவரெங்கும், உத்தரமெங்கும் அதன் ஃபேன்கள், ஒவ்வொன்றும் நம்மவர் முத்திரை பெற்றவை. முன்வரிசையில் மேலாளர்கள், பின்னால் தொழிலாளர்கள் குடும்பத்தோடு. மனைவி செல்போனில் படம்பிடிப்பதற்காகப் பக்கச் சுவரோரம், ஒரு ஃபேனுக்குக் கீழே, நல்ல இடமாகப் பார்த்து நின்றுகொண்டாள். திரைக்குப் பின்னால் எல்லாரும் தயார். அறிவிப்பாளர் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தார். அந்த இடைவெளியில் ஒரு சராசரி மனிதன் என்ன செய்வான்? தண்ணீர் குடிப்பான். சட்டையைச் சரிசெய்வான். மகளைப் பார்த்துச் சிரிப்பான். நம்மவர் கடைசியாக ஒரு தடவை கர்ர் இருக்கிறதா என்று பார்க்க வால்யூம் திருகைச் சுழியத்துக்கு இறக்கி, கன்னத்தைக் கிட்டாரில் வைத்து, மூன்றாவது பிரெட்டைத் தட்டினார்.

திரை விலகிவிட்டது.

மகள் அவரைப் பார்த்துத் தலையசைத்தாள். அவர் வாசிக்க ஆரம்பித்தார். திருகு இறங்கின இடத்திலேயே இருந்தது.

அரங்கத்தில் ஒரு சத்தமும் இல்லை. அதாவது மின்விசிறிகளின் சத்தம் இருந்தது, யாரோ இருமினார்கள், பேஸ் மட்டும் இல்லை. ஒலிப்பெட்டிக்காரர் தன் பலகையில் இருந்த குமிழைக் கடைசிவரை ஏற்றிப் பார்த்தார். மைத்துனன் டிரம்ஸ் குச்சியால் 'திருகு, திருகு' என்று காட்டினான். தாளம் அருமை என்று பாராட்டுகிறான் என்று எடுத்துக்கொண்டு நம்மவர் கண்ணை மூடினார். கன்னம் கிட்டாரின் தோளில். ஃபேன்களின் இரைச்சலில் வெறும் தந்தியின் சத்தமே பாதிதான் காதுக்கு வந்தது. கர்ர் எங்கே வரப்போகிறது? மூன்றாவது பிரெட் வந்தது, போனது. இல்லை! அவர் முகத்தில் ஒரு புன்னகை பரவியது. வாழ்நாளில் முதல்முறையாக அவர் நிறுத்தவில்லை.

மகள் ஒரு கணம் திகைத்தாள். அந்தக் கணத்தில் அவள் மேடையை விட்டு இறங்கி ஓடியிருக்கலாம். அவள் செய்தது வேறு. அப்பாவின் விரல்களைப் பார்த்தாள். தொட்டிலிலிருந்து பார்த்த விரல்கள் அல்லவா? ஓசை இல்லாவிட்டால் என்ன, எந்த விரல் எங்கே போகிறது என்று அவளுக்குத் தெரியாதா? அந்த விரல்களிலிருந்தே தாளத்தை எடுத்துக்கொண்டாள். டாக்டர் நிலைமையைப் புரிந்துகொண்டு ஒரு சுரத்தை மட்டும் மெல்லப் பிடித்துக் கொடுத்தார். அவள் பாடினாள். துணையில்லாத குரல். பின்வரிசையில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை விட்டார்கள். டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்தன. பிறகு அந்த இரண்டாவது சரணம் வந்தது. மற்ற வாத்தியங்கள் ஒதுங்கிக்கொள்ள, மறுபடி குரலும் பேஸும் மட்டும். அதாவது குரல் மட்டும்.

*ஊரார் வீட்டு விசிறி முனகல் உன் காதில் விழும்,*
*உள்ளறையில் நான் பாடுவது என்றைக்கு விழும்?*

முதல் வரிக்குத் தொழிலாளர்கள் சிரித்தார்கள். யாரைச் சொல்கிறாள் என்று அவர்களுக்குத் தெரியாதா? இரண்டாவது வரிக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. முன்வரிசையில் ஒரு மேலாளர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தன் பையனைத் திரும்பிப் பார்த்தார். அரங்கமே அந்த அப்பாவைப் பார்த்தது. அப்பா கண்ணை மூடி, புன்னகையோடு, மூன்றாவது பிரெட்டின் மேல் மெல்ல நடந்துகொண்டிருந்தார்.

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. திரை மூடியதும் மகள் ஓடிவந்தாள். முகமெல்லாம் வேர்வை. "அப்பா! எப்படி இருந்துச்சு?"

"பிரமாதம்மா! ஒரு கர்ர் இல்ல! முதல்லேருந்து கடைசிவரைக்கும் ஒண்ணே ஒண்ணுகூட இல்ல!"

மைத்துனன் வந்து வால்யூம் திருகைக் காட்டினான்.

கர்ர்காரர் திருகைப் பார்த்தார். மைத்துனனைப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. "அப்போ நான் வாசிச்சது..."

"எனக்குத் தெரிஞ்சுதுப்பா. நீங்க வாசிச்சீங்க. நான் பார்த்தேன்" என்றாள் மகள்.  "நான் பாடினது?"

அவர் பரீட்சை அறையில் வேறு பாடத்தைப் படித்துவிட்டு வந்த மாணவனைப் போல நின்றார். மனைவி செல்போனை நீட்டினாள். "இந்தாங்க. இப்பவாவது கேளுங்க."

எல்லாரும் சுற்றி நின்றார்கள். அவர் செல்போனைக் காதோடு வைத்துக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்டார். இரண்டாவது சரணம் வந்தபோது அவர் புருவம் நெரிந்தது. தலை மெல்லச் சாய்ந்தது. மகள் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றத் தயாரானார். பாட்டு முடிந்தது. அவர் நிமிர்ந்தார்.

"ரெண்டாவது சரணத்துல..."

"சொல்லுங்கப்பா."

"பின்னால ஒரு சத்தம் வருது, கேட்டீங்களா? ஹால்ல ஏதோ ஒரு ஃபேன் முனகுது. பேரிங் போயிருக்கணும். நம்ம முத்திரை குத்தின ஃபேன்!"

 மகள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை. அது என்ன தண்ணீர் என்று அம்மாவுக்குத் தெரிந்தது. "வாடி போலாம்" என்று தோளைப் பிடித்து அழைத்துப்போனாள். அன்று காரில் யாரும் யாரோடும் பேசவில்லை. கர்ர்காரருக்கு அது தெரியவும் இல்லை. அந்த ஃபேன் எது என்று மனதுக்குள் ஒவ்வொன்றாக ஓடவிட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் தொழிற்சாலைக்குப் போனதும் முதல் வேலையாக அரங்கத்தைத் திறக்கச் சொன்னார். ஏணி வந்தது. ஏணியைப் பிடிக்க அரங்கக் காவலாளி வந்தார். ஃபேனை ஒவ்வொன்றாக ஓடவிட வேண்டும், மனைவி அனுப்பிய படத்தைத் தன் செல்போனில் போட்டு அந்த முனகலைக் கேட்க வேண்டும், ஒப்பிட வேண்டும். வழக்கமான வேலைதான். ஒரே ஒரு சிக்கல். முனகல் தெளிவாகக் கேட்பது, மற்ற வாத்தியம் எல்லாம் ஒதுங்கிய அந்த இரண்டு வரியில் மட்டும். ஆகவே அந்த இரண்டு வரியையே போட்டார்.

முதல் ஃபேன். *ஊரார் வீட்டு விசிறி முனகல் உன் காதில் விழும்...* இது இல்லை. ஏணி நகர்ந்தது. அடுத்த ஃபேன். *உள்ளறையில் நான் பாடுவது...* இதுவும் இல்லை. ஏணி நகர்ந்தது. மேலே ஏறி, ஸ்க்ரூ டிரைவரை ஊன்றி, மறுகாதில் செல்போனை வைத்துத் திரும்பத் திரும்ப அதையே போட்டுக்கொண்டிருந்தார். இப்படியே சுவரின் பாதிவரை போயிருப்பார்கள்.

"சார், இதுவா?" காவலாளி கீழேயிருந்து கேட்டார்.

காவலாளி ஏணியை லேசாகத் தட்டினார்.

"சார்?"

நிமிர்ந்து பார்த்தார். தரச் சோதனை ஐயா ஏணியின் மேல்படியில் நின்றுகொண்டிருந்தார். ஸ்க்ரூ டிரைவர் கையில் தொங்கிக்கொண்டிருந்தது, எதையும் தொடாமல். ஃபேன் அவர் மூக்கெதிரே ஓடிக்கொண்டிருந்தது, நன்றாகவே முனகிக்கொண்டிருந்தது. கீழே நிற்கும் காவலாளிக்கே கேட்டது. ஐயா அதைக் கேட்கவில்லை. செல்போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தார். வரி முடிந்தது. மறுபடி போட்டார். முடிந்தது. மறுபடி போட்டார்.

ஏணியிலிருந்து இறங்கினார். அரங்கத்தின் காலி நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து மகளைக் கூப்பிட்டார்.

"என்னப்பா? வேலை நேரத்துல?"

"அந்த ரெண்டாவது சரணம்மா..."

 "ஃபேன் கிடைச்சுதாப்பா?"

"ஃபேனா?" அண்ணாந்து அதைப் பார்த்தார். "ஃபேனைக் கவனிக்கலம்மா. நீ பாடினதைக் கேட்டுட்டு இருந்துட்டேன்."

அவ்வளவுதான் பேசினார்கள். மகள் போனை வைக்கவில்லை, அவரும் வைக்கவில்லை. கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. லைனில் கொரகொரப்பு இருந்ததா என்று கேட்காதீர்கள்; இருந்தாலும் அவர் சொல்லவில்லை.

உடனே திருந்திவிட்டார் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். கர்ர்காரர் இனம் அவ்வளவு சுலபத்தில் அழியாது. அடுத்த ஞாயிறு மூன்றாவது பிரெட்டில் அவர் உதடு துடித்தது; 'நிறுத்து' என்ற சொல் நாக்கின் நுனிவரை வந்தது. மகள் பார்த்தாள். அவர் விழுங்கிக்கொண்டார். விழுங்கிய வேகத்தில் விரல் தானாக முன்னால் நகர்ந்து பிரெட்டை ஒட்டி உட்கார்ந்தது. கர்ர் வரவில்லை. அது ஏன் வரவில்லை என்று இன்றுவரை அவருக்கு விளங்கவில்லை. கடைக்காரர் ஏதோ திருட்டுத்தனமாகச் சரிசெய்து கொடுத்திருக்கிறார் என்று நம்புகிறார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லவேளை, நம் வீட்டில் கிட்டாரும் இல்லை, பிரெட்டும் இல்லை என்கிறீர்கள். வாஸ்தவம். ஆனால் இதைப் படித்துவந்தபோதே, ஓர் இடத்தில் ஒரு சொல் இரண்டு தடவை வந்திருப்பதையும், சமையலறை மேடையில் யாராவது கிட்டாரை வைப்பார்களா என்பதையும் மனதில் குறித்துவைத்துக்கொண்டீர்களே, அது இருக்கட்டும். இப்போது, இந்த நிமிஷம், உங்கள் தலைக்கு மேலோ பக்கத்திலோ ஏதோ ஒன்று மெல்ல முனகிக்கொண்டிருக்கிறது. கேட்கிறது, இல்லையா?

ஆமாம், கேட்கிறது. அது நன்றாகக் கேட்கிறது. சற்று முன்பு பக்கத்து அறையிலிருந்து ஒருவர் உங்களை இரண்டு தடவை கூப்பிட்டாரே, அது?